கொள்ளிடக் கரை வழியே கடல் வரை

முதல் நாள்: திருச்சி – கல்லணை – திருவையாறு

காலை ஆறே முக்காலுக்குக் கல்லணையில் இருந்தோம், நானும் என் அக்கா மகனும். அவனுக்குக் கல்லூரியில் ஐந்து நாள் விடுமுறை. எனக்கு நான்கு வருடமாகத் தள்ளிப்போய்க்கொண்டே இருந்த ஆசை. கொள்ளிடத்தின் தென்கரை மேலேயே ஏறி, சைக்கிளில் கடல் வரைக்கும் போய்விட வேண்டும். தார் ரோட்டில் இறங்காமல் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம்.

டெல்டாவில் பஸ்ஸும் லாரியும் ஓடும் ரோடுகள் ஊர்களுக்கு நடுவே, கீழே போகின்றன. அவற்றில் சைக்கிள் மிதிப்பது இன்று நிம்மதியான காரியம் இல்லை. ஆற்றங்கரை அப்படி இல்லை. வெள்ளம் ஊருக்குள் வராமல் இருக்கப் போட்ட மண் கரை, அதன் தலைமேல் நீர்வளத்துறை ஜீப் போகிற அகலத்துக்கு ஒரு பாதை. செம்மண் கிராவல் கொட்டி உருட்டியிருப்பார்கள். தார் இல்லாத பாதையில் ஓட்டுவதைச் சைக்கிள்காரர்கள் புதிதாக ‘கிராவல்’ என்று பேசத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சொல் இங்கே எப்போதோ ஊர்ச்சொல் ஆகிவிட்டது. “கிராவல் ரோட்டுலயே போங்க தம்பி, அந்தாண்ட போனா வெறும் மண்ணு, சக்கரம் புதையும்” என்று கல்லணை டீக்கடைக்காரர் வழி சொன்னார். கிராவல் ரோடு வேறு, மண் ரோடு வேறு, கப்பி ரோடு வேறு. டயருக்கு அடியில் மூன்றுக்கும் மூன்று சத்தம்.

முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டு இங்கே மறுபடி பக்கம் பக்கமாக வருகின்றன. கொள்ளிடம் தாழ்வான ஆறு. விட்டால் காவிரித் தண்ணீர் மொத்தமும் அதில் சரிந்து கடலுக்கு ஓடிவிடும். அதைத் தடுத்துத் தஞ்சாவூர்ப் பக்கம் திருப்பத்தான் கரிகாலன் பெயரில் நிற்கும் இந்த அணை. 329 மீட்டர் நீளம். நேர்கோடாக இல்லாமல் வளைந்து போகிறது. மணலில் பெருங்கல்லைப் போட்டு, அது புதையப் புதைய மேலே கல் அடுக்கி, இடையில் களிமண் வைத்துக் கட்டிய வேலை. காவிரி, வெண்ணாறு, 1934-இல் மேட்டூர் அணையோடு சேர்த்து வெட்டிய புதுஆறு, மூன்றும் இங்கேயிருந்துதான் புறப்படுகின்றன. மிஞ்சுகிற வெள்ளத்தைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. கொள்கிற இடம் என்பதால்தான் அந்தப் பெயர் என்பார்கள்.

இப்போது பிப்ரவரி. ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது மேட்டூரின் மரபு, ஆகவே ஆற்றில் தண்ணீர் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு வெள்ளை மணல், அதன் நடுவே வேட்டிக் கரை போல ஒரு ஓடை. இடது கைப் பக்கம் அந்த மணல், வலது கைப் பக்கம் வாழை, நடுவில் நாங்கள். கோவிலடி தாண்டிய பிறகு ஒன்றரை மணி நேரத்தில் எதிரே வந்தவை: மூன்று டி.வி.எஸ். ஐம்பது, ஒரு மாட்டு வண்டி, தலையில் புல்லுக்கட்டோடு இரண்டு பெண்கள். அவ்வளவுதான். காது பழக இரண்டு மணி நேரம் ஆனது. பழகிய பிறகு மரங்கொத்தி தட்டுவதுகூடக் கேட்டது.

வண்டியைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: இருவருடையதும் 40 மி.மீ. டயர். தார் ரோட்டில் 55 பி.எஸ்.ஐ. காற்று வைத்திருந்ததைக் கல்லணையில் 35-க்கு இறக்கினோம். கை அதிர்வது பாதியாகக் குறைந்தது. சாமான் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் இல்லை.

நடுவே சில ஊர்ப் பக்கம் கரை மேலேயும் தார் போட்டுவிட்டார்கள். தார் தொடங்கியதும் பின்னால் ஹாரன் கேட்கிறது. இந்தக் கரைக்குத் தார் வரவே கூடாது என்று இன்று முழுக்க அவனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

விளாங்குடிப் பக்கம் கரையை விட்டு இறங்கி, மதியம் திருவையாறு. அறுபத்திரண்டு கிலோமீட்டர். மாலையில் வாழையிலைத் துண்டில் சுடச்சுட அசோகா. பாசிப்பருப்பும் நெய்யும் இப்படிச் சேரலாம் என்று கண்டுபிடித்தவர் கைக்கு ஒரு கும்பிடு.

இரண்டாம் நாள்: திருவையாறு – நீலத்தநல்லூர் – திருப்பனந்தாள்

விடியும் முன்பே கரை ஏறிவிட்டோம். கிழக்கே போகிறவர்கள் காலையிலேயே தூரத்தைக் கடந்துவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று எதிரே வந்து நெஞ்சில் கை வைக்கும்.

திருமானூர்ப் பாலத்துக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்ததும் வயல்வெளி திறந்தது. சம்பா அறுத்துவிட்ட வயல்களில் தாள் வரிசைக்கு நடுவே உளுந்து முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. உழுது விதைத்த உளுந்து இல்லை அது. நெல் வயலில் நிற்கும்போதே, அறுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஈரச் சேற்றில் உளுந்தைத் தெளித்துவிடுவார்கள். நெல்லை அறுத்து எடுக்கும்போது அடியில் உளுந்து பச்சை காட்டி நிற்கும். மீதி ஈரமும் பனியும் போதும், தனியாகத் தண்ணீர் கேட்காது. கையால் அறுத்த காலத்துக்கு இது பழுதில்லாத ஏற்பாடு. இப்போது பெல்ட் மிஷின் இறங்கி அறுக்கிறது. அதன் தடம் போன இடமெல்லாம் முளை நசுங்கி, வயலில் கோடு கோடாக வெறுமையாகக் கிடந்தது. கரை உயரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கோடுகள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன.

ஒன்பது மணி வாக்கில் பாதை முழுக்க ஆடு. இறங்கி ஓரமாக நின்றோம். ராமநாதபுரத்திலிருந்து வந்த கிடை. வருடா வருடம் அறுவடை முடிந்ததும் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வந்துவிடுவார்கள். இரவில் வயலில் ஆட்டை மடக்கிப் போட்டால் புழுக்கையும் மூத்திரமும் அந்த வயலுக்கு உரம். வயல்காரர் கூலி கொடுப்பார். பெரியவர் ஒருவர் தோளில் தொரட்டி, இடுப்பில் செல்போன், கக்கத்தில் அன்றைக்குப் பிறந்த குட்டி. “மாமா, தொட்டுப் பாக்கவா?” என்று இவன் என்னிடம் கேட்டான். பெரியவரே குட்டியை அவன் கையில் வைத்துவிட்டார். இன்னும் ஈரம் காயவில்லை. தொப்புள்கொடி நூல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. இருபது வயதுப் பையன் அதற்குப் பிறகு வெகுநேரம் பேசாமல் வந்தான்.

அவனுடைய பின்சக்கரம் இன்று இரண்டு முறை பஞ்சர். சீமைக்கருவேல முள். இரண்டு முறையும் புது டியூப் மாற்றினான், இரண்டு முறையும் அரை மணி நேரத்தில் காற்று இறங்கியது. மூன்றாவது டியூப் இல்லை. கரை இறங்கி ஒரு ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனோம். புளியமரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடை என்றால் ஒரு பெட்டி, ஒரு தண்ணீர்ச் சட்டி, ஒரு பம்பு. அங்கே இருந்தவருக்கு எழுபது வயது இருக்கும். டியூபை அவர் பார்க்கவே இல்லை. டயரைக் கழற்றி, ஒரு கந்தல் பனியன் துணியை உள்ளே விட்டு, மெதுவாகச் சுற்றிலும் தடவினார். ஓர் இடத்தில் துணி சிக்கியது. “இந்தா இருக்காரு” என்றார். நகத்தால் அழுத்திப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. குறட்டால் வெளிப்பக்கத்திலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்: எள் அளவு முள் முனை. காற்று இல்லாதபோது ரப்பருக்குள் ஒளிந்துகொள்ளும். ஆள் ஏறி உட்கார்ந்து மிதித்தால் மட்டும் தலை நீட்டும். பிறகு இரண்டு டியூபையும் உரசி, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதிக் காயவைத்து ஒட்டிக் கொடுத்தார். நாங்கள் விரலை விட்டுத் தேடியிருக்கிறோம். விரலுக்குத் தெரியாதது பஞ்சுத் துணிக்குத் தெரியும். பனியன் துணி ஒரு துண்டு கேட்டு வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.

நீலத்தநல்லூருக்குப் பிறகு பாதை மோசம். மணல் லாரிகள் போய்ப் போய் முழங்கால் ஆழத்துக்குத் தடம். தள்ளித்தான் போக வேண்டியிருந்தது. இரவு திருப்பனந்தாள் பக்கத்தில் நண்பர் வீடு. ரசமும் சுட்ட அப்பளமும்.

மூன்றாம் நாள்: அணைக்கரை – கொள்ளிடம் ஊர்

அணைக்கரையில் கொள்ளிடம் இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒரு தீவை விட்டுச் சேர்கிறது. இரண்டு கிளையிலும் தடுப்பு. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் கட்டியது. அதே ஆண்டில்தான் முக்கொம்பில் மேலணையும். கொள்ளிடம் ஆழமாகிக்கொண்டே போய், காவிரி மண்மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்துகொண்டிருந்த நேரம் அது. மேலே ஒன்று, கீழே ஒன்று கட்டி ஆற்றைச் சமன் செய்தார். கீழணையில் தேங்கும் தண்ணீர்தான் வடவாற்றில் ஓடி வீராணம் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து குழாயில் சென்னைக்கு. பாலம் பழசு என்பதால் கனரக வாகனங்களை விடுவதில்லை. சைக்கிளுக்கு அது வரம்.

மூன்று நாளில் முதன்முறையாக ஆறு நிறையத் தண்ணீர். இவன் துண்டை எடுத்துவிட்டான். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் கையைக் காட்டித் தடுத்தார். முதலை. கீழணைச் சுற்று முழுக்க உண்டு என்றார். பத்து நிமிடம் கரையில் உட்கார்ந்து பார்த்தோம். எதிர்த் திட்டில் கட்டை என்று நான் நினைத்திருந்தது வாயைத் திறந்தது.

இதற்குக் கீழே வரும் பாதைதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. இடப்பக்கம் கொள்ளிடம், வலப்பக்கம் கீழணையில் புறப்படும் தெற்கு ராஜன் வாய்க்கால், இரண்டுக்கும் நடுவே கரை. நாணல் பூத்து முடிந்திருந்தது. மீன்கொத்திகளை எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன்.

மணல்மேட்டுக்கு முன்னால் ஒரு மதகின் மேல் லஸ்கர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மதகு திறப்பதும் மூடுவதும் கரையைக் காவல் பார்ப்பதும் இவர்கள் வேலை. கிரீஸ் டப்பாவும் திருகு சாவியும் பக்கத்தில். எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, “வர்ற வழியில கரையில எங்கயாவது பொத்தல் பாத்தீங்களா தம்பி?” அப்போதுதான் விளக்கினார். கரை உடைவது வெள்ளம் மேலே வழிந்து மட்டும் இல்லை. எலி வளை, நண்டு வளை. கோடையில் ஒரு நண்டு குடைந்த துளையில் ஆடியில் தண்ணீர் புகும், முதலில் கசியும், பிறகு மண்ணைக் கரைக்கும், ஒரு ராத்திரியில் பத்து அடி வாயைத் திறந்துவிடும். வெள்ள நாளில் இவர்கள் ராந்தலும் டார்ச்சுமாகக் கரையின் வயல் பக்கச் சரிவைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள், ஆற்றுப் பக்கத்தை இல்லை. கலங்கல் தண்ணீர் கசிந்தால் ஆபத்து, மண் கரைகிறது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கொஞ்சம் நேரம் இருக்கிறது. சவுக்குக் கட்டை அடித்து, மூங்கில் படல் வைத்து, மணல் மூட்டை போட்டு அடைப்பார்கள்.

அதற்குப் பிறகு என் கண் பாதையில் இல்லை, சரிவில்தான் இருந்தது. கொள்ளிடம் ஊர் வருவதற்குள் ஏழு பொத்தல் எண்ணினேன்.

நான்காம் நாள்: கொள்ளிடம் – பழையாறு – திருமுல்லைவாசல்

இன்று எழுத நிறைய இருக்கிறது. கை வலிக்கிறது, இருந்தாலும் இன்றே எழுதிவிடுகிறேன்.

நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து கிழக்கே திரும்பியதும் சத்தம் எல்லாம் பின்னால் போய்விட்டது. ஆச்சாள்புரத்தை வலப்பக்கம் விட்டு, அளக்குடி வழியாகக் கரை. தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. பச்சை கலந்த சாம்பல். கோடையில் நன்னீர் வரத்து நின்றதும் கடல் இந்த ஆற்றில் உள்ளே ஏறி வந்துவிடுகிறது. குனிந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. மேலே ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் நடுவே கதவணை கட்டியதற்கு இந்த உப்பைத் தடுப்பதும் ஒரு காரணம். அதற்குக் கீழே இருக்கும் இந்த ஊர்கள் உப்போடுதான் இருந்தாக வேண்டும்.

நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல். கரைக்கு உள்ளே, ஆற்றின் மடியிலேயே இருக்கும் ஊர்கள். படுகை மண்ணில் கத்தரி, முல்லைப்பூ, வெண்டை என்று எது வைத்தாலும் வருகிறது, அதனால்தான் குடியிருப்பு. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் இந்த ஊர்கள் தண்ணீருக்குள் இருந்தன.

முதலைமேட்டுக்கு எதிரே கரை மேல் ஒரு அம்மா வெண்டைக்காயைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டிருந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டோம். சொம்பில் கொடுத்துவிட்டு, “இந்த வெயில்ல எதுக்குய்யா இதுல போய் மிதிக்கிறீங்க, அந்தாண்ட தார் ரோடு இருக்குல்ல?” என்றார். வண்டி இல்லாத பாதையைத் தேடித்தான் வந்தோம் என்றேன். தார் இல்லாமல் இருப்பதுதான் இந்தக் கரைக்கு அழகு என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கோணி வாயைத் தைத்துக்கொண்டே சொன்னார். தண்ணீர் வரும்போது ஊரே இந்தக் கரை மேல்தான். மாடு, அடுப்பு, பிள்ளைகளின் புத்தகப் பை, எல்லாம். இதோ இந்த இடத்தில்தான் தார்ப்பாய் கட்டிப் பதினோரு நாள் இருந்தோம் என்று பக்கத்தில் ஒரு வேப்பங்கன்றைக் காட்டினார். மழையில் கிராவல் சேறாகி, மருமகளுக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் வரவில்லை; கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். “ரோடு போட்டா நல்லாத்தான்யா இருக்கும்” என்று முடித்துக்கொண்டார்.

என்னிடம் பதில் இல்லை. முதல் நாள் முழுக்க நான் பேசிக்கொண்டு வந்ததை இவன் நினைவுபடுத்தவும் இல்லை. அக்கா நல்ல பிள்ளையாக வளர்த்திருக்கிறாள். எனக்கு இந்தப் பாதை ஐந்து நாள். அவருக்கு வீடு மூழ்கும்போது மிஞ்சுகிற ஒரே தரை. ரோடு வேண்டுமா என்று முடிவு செய்ய வேண்டியது அவர்தான். போட்டால், மணல் லாரி ஏறாதபடி இரண்டு முனையிலும் கல் ஊன்றி, ஆம்புலன்சுக்கும் டிராக்டருக்கும் மட்டும் திறந்துவிடட்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஒரு கை வெண்டைக்காயை அள்ளிக் கொடுத்தார். “இப்ப வந்து என்ன பாக்குறது, மணலைத்தானே பாக்குறீங்க. ஆடி ஆவணியில வந்து பாருங்க, கரை எதுக்குன்னு தெரியும்.” பிஞ்சு வெண்டைக்காயைப் பச்சையாகக் கடித்துக்கொண்டே மகேந்திரப்பள்ளி வரை போனோம்.

அங்கிருந்து கரையும் வயலும் முடிந்து உவர் நிலம். உப்புப் பூத்த தரை சைக்கிளுக்கு அருமையானது, சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். ஆனால் மேல் தோல் மட்டும்தான் காய்ந்தது என்றால் சக்கரம் அப்பளம் உடைவது போல உடைத்துக்கொண்டு சேற்றில் இறங்கும். நிறம் பார்த்து ஓட்டக் கற்றுக்கொண்டோம். வெள்ளை என்றால் போகலாம், பழுப்பு என்றால் சுற்றிக்கொள்ள வேண்டும். வடக்கே கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது.

பழையாறு துறைமுகத்தில் டீசல் வாசம், கருவாட்டு வாசம். கொள்ளிடம் கடலில் சேரும் இடத்தைக் காட்டியவர் ஒரு மீனவர். “கொண்டல் எழும்பிருச்சு, இனிமே உங்களுக்குக் கஷ்டம்தான்” என்றார். ஆனால் எங்களுக்கு இனித் தெற்கே. பக்கக்காற்று தோளைத் தள்ளியதே தவிரத் தடுக்கவில்லை. மடவாமேடு, கூழையார், தொடுவாய் என்று மீனவர் ஊர்களைத் தொட்டுக்கொண்டு, சவுக்குத் தோப்புகளின் ஊடே மணலும் செம்மண்ணும் மாறி மாறி வரும் பாதை. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டு வரிசைகள் கடலை விட்டுத் தள்ளி நிற்கின்றன. தோப்புக்குள் சவுக்கு இலை உதிர்ந்து மெத்தையாகக் கிடந்த இடத்தில் டயர் சத்தமே இல்லை. சங்கிலி ஓடுவது மட்டும் கேட்டது.

கூழையாரில் வனத்துறையின் ஆமைக்குஞ்சு பொரிப்பகம். வலை வேலிக்குள் வரிசையாக மணல் குழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி, குச்சியில் தேதி. பங்குனி ஆமை இரவில் இட்டுப் போன முட்டைகளை நாய் கிளறும் முன் எடுத்து வந்து இங்கே புதைக்கிறார்கள். பொரிய 45 நாளுக்கு மேல் ஆகும். வேலிக்கு வெளியே, அலை தொடும் இடத்திலிருந்து மேலேறித் திரும்பிய ஒரு தடம் கலையாமல் இருந்தது, டிராக்டர் டயர் தடம் போல. இவன் தன் சைக்கிள் தடம் அதன் மேல் படாமல் தூக்கிக்கொண்டு தாண்டினான்.

திருமுல்லைவாசல் நெருங்க நெருங்க இறால் குட்டைகள். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் என்று குட்டைக் காவலுக்கு இருந்தவரே சொன்னார். காற்றாடிச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன. குட்டை வரப்பில் ஓட்டலாம், யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் ஓட்டப் பிடிக்கவில்லை.

இரவு சீர்காழி. முதல் வேலையாக வாளித் தண்ணீரில் சங்கிலியைக் கழுவித் துடைத்து எண்ணெய் விட்டோம். உப்புக்காற்றில் ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் சிவந்திருக்கும்.

ஐந்தாம் நாள்: பூம்புகார்

குறைந்த தூரம், மெதுவாகவே போனோம். கீழமூவர்க்கரை தாண்டிக் கடலோரமாக வந்து பத்து மணிக்குப் பூம்புகார். 1960-களில் மேலையூர், கீழையூர்ப் பக்கம் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறையும் அதில் நட்ட மரக் கம்பங்களும் கிடைத்தன. இன்று அந்த இடத்துக்கும் கடலுக்கும் நடுவே வயல். ஆறு எத்தனை முறை தடம் மாறியிருக்கும் என்று அங்கே நின்றால் தெரிகிறது.

நான் பார்க்க வந்தது காவிரியை. கல்லணையில் அவளை விட்டுவிட்டுக் கொள்ளிடத்தோடு போனவர்கள் நாங்கள். நடுவே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று கிளைக்குக் கிளை கொடுத்துக் கொடுத்து, இங்கே வந்து சேரும்போது மிஞ்சியிருப்பது ஒரு வாய்க்கால் அகலம். முகத்துவாரத்தில் மணல் ஏறி, தேங்கிய தண்ணீரில் இரண்டு ஃபைபர் படகுகள். இவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்கே நடந்தான். நடு ஆற்றில் தண்ணீர் அவன் முழங்காலைத் தொடவில்லை.

“அவ்வளவுதானா மாமா?” என்றான் அக்கரையிலிருந்து.

அவ்வளவும் வயலுக்குப் போய்விட்டது என்றேன். நான்கு நாளாக வலப்பக்கம் பார்த்துக்கொண்டு வந்த பச்சை எல்லாம் அதுதான்.

மாலை மயிலாடுதுறை ஸ்டேஷனில் முன்சக்கரங்களைக் கழற்றி, கோணியில் சுற்றி, பார்சலில் போட்டுவிட்டு நடைமேடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பையைக் கொட்டியபோது பஞ்சர் கடைப் பனியன் துணியும், வாடிப்போன இரண்டு வெண்டைக்காயும் வந்தன. ஆடிப்பெருக்கு என்றைக்கு வருகிறது என்று இவன் போனில் காலண்டர் பார்த்துக்கொண்டிருக்கிறான். சைக்கிள் வேண்டாம், அந்த நேரத்தில் கரையில் நமக்கு வேலை இல்லை, பஸ்ஸில் போய் அளக்குடியில் இறங்கி நடப்போம் என்று சொல்லியிருக்கிறேன்.